குருபரப்பள்ளியில் ஒரு கெஸ்ட் பிளேயர்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் ஓசூர் வண்டி ஏறி, குருபரப்பள்ளிக்கு ஒரு டிக்கெட் என்று கேட்டால் பாதி நடத்துனர்கள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். பெங்களூரு வண்டிகள் அங்கே நிற்பதில்லை. ஊருக்கு ஊர் நின்று போகும் பஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரமென்றால் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களோடு ஷேர் ஆட்டோவில் ஒட்டிக்கொள்ளலாம். நான் ஒட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் தெலுங்கில் போன் பேசினார், எதிரில் இருந்த பெண் கன்னடத்தில் அதட்டினார், ஓட்டுநர் இருவருக்கும் தமிழில் பதில் சொன்னார். பின்னால் தொங்கிக்கொண்டு வந்த இரண்டு இளைஞர்கள் தங்களுக்குள் பேசிய மொழி எனக்குத் தெரியாதது. போடோ என்று மறுநாள் தெரிந்தது.

அது 2025 அக்டோபர் 14, தீபாவளிக்கு முந்தின வாரத்துச் செவ்வாய்க்கிழமை. நெடுஞ்சாலை முழுக்கப் பட்டாசு வாங்கப் போகும் கார்கள். அன்று இரவு கோவாவில் ஃபட்டோர்டா மைதானத்தில் இந்தியக் கால்பந்து அணி சிங்கப்பூரோடு ஆட இருந்தது. தோற்றால் 2027 ஆசியக் கோப்பைக்கான பாதை அநேகமாக அடைபட்டுவிடும். அந்த ஆட்டத்தை நான் குருபரப்பள்ளியில் பார்க்கப் போனதற்குக் காரணம், சூளகிரியில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் சொன்ன செய்தி. சிப்காட் பக்கம் காலி மனைகளில் வெளிமாநிலப் பையன்கள் ஞாயிறுதோறும் கால்பந்து ஆடுகிறார்கள், ஆயுத பூஜைக்கு டோர்னமென்ட்டே நடந்தது என்றார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கால்பந்து டோர்னமென்ட் என்றதும் கிளம்பிவிட்டேன்.

இது எருது விடும் சீமை. தை பிறந்தால் வேப்பனப்பள்ளி, சூளகிரி, ஓசூர்ப் பக்கமெல்லாம் தெருவில் தடுப்புக் கட்டி, எருது இவ்வளவு தூரத்தை எத்தனை நொடியில் கடந்தது என்று கணக்குப் பார்க்கிறவர்கள். 2023 பிப்ரவரியில் ஓசூர் அருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதும் இதே நெடுஞ்சாலையை மறித்துக் கலவரமே நடந்தது. அதற்கு அடுத்தபடி கபடி. கால்பந்துக்காக இங்கே யாரும் சாலையை மறிக்க மாட்டார்கள். இந்திய அணி தோற்றதற்காக மறிப்பதென்றால், மாதத்துக்கு ஒருமுறை போக்குவரத்து நிற்கும்.

குருபரப்பள்ளி என்று சொன்னால் கண்ணில் முதலில் படுவது நெடுஞ்சாலைதான். 44-ஆம் எண் சாலை ஊரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகிறது. வடக்கே வேப்பனப்பள்ளிக்குப் பிரியும் ரோடு. மேற்கே போனால் மேலுமலை ஏற்றம், அதைத் தாண்டினால் சூளகிரி, அப்புறம் ஓசூர், அத்திப்பள்ளி, கர்நாடகம். சாலையை விட்டு உள்ளே நடந்தால் மாந்தோப்புகள். பெரும்பாலும் பெங்களூரா ரகம், மாங்கூழ் ஆலைக்குப் போவது. பெயர் பெங்களூருடையது, மரம், வியர்வை, நஷ்டம் எல்லாம் கிருஷ்ணகிரியுடையவை. 2025 கோடையில் விலை விழுந்த வேகத்தில், பறிகூலிக்கும் கட்டாது என்று பழத்தை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. தோப்புகளுக்கு நடுவில் சிப்காட் வந்து, டெல்டா எலக்ட்ரானிக்ஸ் போன்ற பெரிய தொழிற்சாலைகள் வந்து, அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனிகள் வந்து, ஆள் வந்தது. அசாம், ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார். அறை வாடகைக்கு என்ற பலகை இங்கே இந்தியிலும் எழுதப்பட்டிருக்கிறது. மளிகைக் கடையில் கடுகெண்ணெய் பாட்டில் முன்வரிசையில் நிற்கிறது.

ஆட்டம் பார்த்தது ஒரு மெஸ்ஸில். டிவியில் எந்தச் சேனல் என்று தேடிச் சலித்து, கடைசியில் யாரோ பணம் கட்டிய ஒரு செல்போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்துகொண்டு நின்றோம். கடைக்காரருக்குக் கால்பந்தில் ஆர்வமில்லை. "சார், இதுல எப்ப சார் விக்கெட்டு விழும்?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

14-ஆம் நிமிடத்தில் இந்தியாவின் சாங்டே பாக்ஸுக்கு வெளியிலிருந்து இடது காலால் ஓங்கி அடித்தார். கோல். மெஸ் அதிர்ந்தது. ஒரு அரைமணி நேரம் எல்லோரும் ரொம்ப நல்லவர்களாக இருந்தோம். இடைவேளைக்குச் சற்றுமுன் 44-ஆம் நிமிடத்தில் சிங்கப்பூரின் சாங் உய்-யங் சமன் செய்தார். 58-ஆம் நிமிடத்தில் அவரே இன்னொன்று. மிச்சமிருந்த நேரம் முழுக்க இந்தியா ஆடியதை நான் இருபது வருஷமாகப் பார்த்துவருகிறேன். பந்து பின்னால் போகும், பக்கவாட்டில் போகும், மீண்டும் பின்னால் வரும். ஒரு வழியாக விங்கில் இருப்பவருக்குக் கிடைக்கும். அவர் நல்ல ஓட்டக்காரர், ஒருவரைத் தாண்டுவார், தலையைத் தூக்கிப் பார்த்து கிராஸ் போடுவார். அங்கே மூன்று எதிராளிகளுக்கு நடுவில் நம்மவர் ஒருவர் இருப்பார். சில சமயம் அவரும் இருக்க மாட்டார்.

என் தோளை ஒட்டி நின்ற இளைஞன் கோக்ரஜார்க்காரன். ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்த இருவரில் ஒருவன். மூன்று வருஷத்தில் லைன் சூப்பர்வைசரிடம் கற்ற தமிழ். "அண்ணா, பால் உள்ள வருது. உள்ள ஆள் இல்ல. எப்பவும் இல்ல" என்றான். கோக்ரஜார் கால்பந்து ஊர். 2023 முதல் டூரண்ட் கோப்பை ஆட்டங்கள் அங்கேயும் நடக்கின்றன. அவன் சொன்னதற்கு மேல் எந்த நிபுணர் வந்து என்ன சொல்லிவிட முடியும் என்று தோன்றியது.

2-1. நான்கு தகுதி ஆட்டங்களில் இரண்டு கோல், இரண்டு புள்ளி, வெற்றி ஒன்றுமில்லை. அதற்கு முந்தின நாள்தான் கேப் வெர்டே 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்தது. அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை ஐந்து லட்சம் சொச்சம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்குப்படி 18 லட்சத்து 79 ஆயிரம் பேர். இதைச் சொன்னதும் கடைக்காரர் முதல்முறையாகச் செல்போனைக் கவனித்தார்.

மெஸ்ஸில் கோச்சைத் திட்டினார்கள். எல்லா மெஸ்ஸிலும், எல்லா ஆண்டிலும், அதுதான் நடக்கும். காலித் ஜமீல் பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2016-17-இல் ஐஸால் அணியை ஐ-லீக் சாம்பியனாக்கிக் காட்டியவர். பல வருஷ வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்குப் பிறகு வந்த இந்தியர். அவர் தற்காப்புப் பிரியர் என்ற புகார் அவரோடு கூடவே வந்தது. அவருக்கு முன்னால் இருந்தவர் ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கேஸ். ஹைதராபாத்துக்கு ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வாங்கிக் கொடுத்த கை. இந்திய அணியோடு 2024 முடியும்வரை ஓர் ஆட்டமும் ஜெயிக்கவில்லை. அவருக்கும் முன்னால் குரோஷியாவின் இகோர் ஸ்டிமாச், 2019 முதல் 2024 வரை. பந்தைத் தன்வசம் வைத்து ஆடும் ஆட்டத்தைக் கற்பிப்பேன் என்று வந்தார். 2023 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் தெற்காசியக் கோப்பையை வென்ற மாதத்தில் நம் தரவரிசை 99. அந்த வெற்றியிலும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அரையிறுதியில் லெபனானோடு கோலே இல்லை, இறுதியில் குவைத்தோடு 1-1. இரண்டையும் பெனால்டி ஷூட்அவுட்டில் கோல்கீப்பர் குர்ப்ரீத்தின் கைகள்தான் காப்பாற்றின. ஸ்டிமாச்சுக்கு முன்னால் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், அவருக்கு முன் கோவர்மன்ஸ், ஹௌட்டன். நீளமாகத் தூக்கி அடித்தவர்கள், குட்டிக்குட்டியாகத் தட்டச் சொன்னவர்கள், பின்னால் கூட்டமாக நிற்கச் சொன்னவர்கள். கோச்சுகள் மாறினார்கள், கடைசி இருபது கஜம் மாறவில்லை.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு முழுக்க இந்தியா 11 ஆட்டம் ஆடியது. வெற்றி பூஜ்யம். கோல் நான்கு. ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோற்று ஒரு கோலும் போடாமல் திரும்பினார்கள். மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 2-1 தோல்வி. அதில் நாம் போட்ட ஒன்று, தன் 150-ஆவது ஆட்டத்தில் சுனில் சேத்ரி அடித்த பெனால்டி. ஜூனில் தோஹாவில் கத்தார் போட்ட ஒரு கோல் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போன பிறகு இழுத்து அடித்தது. நடுவருக்கு மட்டும் அது தெரியவில்லை. அந்த அநியாயத்தை இன்றும் பேசுகிறோம். ஆனால் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து நம்மை வெளியே அனுப்பியது அந்தக் கோல் அல்ல. அதற்கு ஐந்து நாள் முன்பு கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஒரு கோல் போட்டிருந்தால் கத்தாரில் அழ வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2024 நவம்பரில் மலேசியாவோடு சமன் செய்த கோல் ராகுல் பேக்கேயுடையது. 2025 ஆகஸ்டில் தஜிகிஸ்தானை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்றபோது கோல் போட்டவர்கள் அன்வர் அலி, சந்தேஷ் ஜிங்கன். மூவரும் தற்காப்பு ஆட்டக்காரர்கள். கார்னர், ஃப்ரீ கிக் என்று பந்து நின்ற இடத்திலிருந்து வரும்போது உயரமானவர்கள் முன்னே போய் மோதுகிறார்கள். பந்து ஓடும்போது கோல் வருவதில்லை.

ஆட்டம் முடிந்ததும் கூட்டம் கலைந்தது. சி ஷிஃப்ட்காரர்கள் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினார்கள். இரவு அங்கேயே ஒரு லாட்ஜில் தங்கினேன். லாரிகள் மேலுமலை ஏற்றத்துக்குக் கியர் மாற்றும் சத்தம் விடியும்வரை ஓயவில்லை.

காலையில் மைதானம் பார்க்கப் போனேன். மைதானம் என்று சொல்வது மரியாதைக்கு. சிப்காட் வேலிக்கு இந்தப் பக்கம், இன்னும் கம்பெனி வராத ஒரு மனை. செம்மண், அங்கங்கே பாறை முதுகு, ஒரு பக்கம் சீமைக்கருவேலம். கோல் கம்பம் சவுக்குக் கழி. நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் ஏழெட்டுப் பேர் தூங்கப் போகாமல் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர். வேட்டி, தலையில் கம்பளிக் குல்லாய். பக்கத்துத் தோப்பு அவருடையது என்று சொன்னார்கள்.

அவர் பெங்களூரில் ஒரு பொதுத்துறைக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை கிடைத்ததே கால்பந்தால். ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். என்று பெங்களூரு ஆலைகளுக்கெல்லாம் சொந்த அணி இருந்த காலம் அது. அவர் பிறந்து வளர்ந்தது அல்சூர்ப் பக்கம். கௌதமபுரத்தில் பீலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்களே, அந்தச் சந்துகளில் ஆடியவர். பெங்களூரில் கால்பந்து பேசப்படும் தெருக்களில் பாதி தமிழ் பேசும் தெருக்கள் என்பது சென்னையில் இருக்கும் நமக்கு அவ்வளவாகத் தெரியாது. சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கில் போட்ட முதல் கோல், 1948 லண்டனில் பிரான்சுக்கு எதிராக சாரங்கபாணி ராமன் போட்டது. பெங்களூருக்காரர். நம்மவர்களில் பலர் அன்று வெறுங்காலோடு ஆடினார்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். இரண்டு பெனால்டி கிடைத்து இரண்டையும் கோட்டைவிட்டார்கள், 2-1 என்று தோற்றார்கள் என்பதைப் பெரியவர்தான் சேர்த்துச் சொன்னார். "அன்னிக்கே ஆரம்பிச்சிடுச்சு தம்பி" என்று சிரித்தார்.

நேற்று ஆட்டம் பார்த்தீர்களா ஐயா என்றேன். பார்க்கவில்லையாம். "கடைசியா யாருக்காகப் பாத்தேன்னா சேத்ரிக்காக. அவன் போனதும் எனக்கு என்ன வேலை" என்றார். 2005-இல் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டுத் தொடங்கிய சேத்ரி 2024 ஜூனில் விடைபெற்றபோது 94 கோல். அடுத்த மார்ச்சில் மனோலோ அவரை ஓய்விலிருந்து திருப்பிக் கூப்பிட்டார். நாற்பது வயதில் வந்து மாலத்தீவுக்கு எதிராக 95-ஆவது கோலைப் போட்டார். அதே 2024-25 ஐ.எஸ்.எல். சீசனில் இந்தியர்களில் அதிக கோல் போட்டவரும் அவர்தான், 14. ஒரு நாட்டின் அடுத்த தலைமுறைக்கு இதைவிட மோசமான மதிப்பெண் பட்டியலை யாரும் எழுத முடியாது.

ஏன் இன்னொருவர் வரவில்லை? பெரியவரின் பதில் ஐ.எஸ்.எல். பக்கம் கைகாட்டியது. எனக்கும் அதே எண்ணம்தான், ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஒரு ஆலைக்காரனின் கணக்கு இருந்தது. 2014-இல் லீக் தொடங்கியபோது ஆடும் பதினொருவரில் ஆறு பேர் வரை வெளிநாட்டவர். 2017-இல் ஐந்தாகக் குறைந்தது, 2021-இல் நான்கு. இந்த நான்கு பேரை முதலாளி எங்கே நிறுத்துவான்? கோல் காப்பதற்கு ஊர்ப் பையன் போதும், மலிவு. விங்கில் ஓடுவதற்கும் மிசோரமிலிருந்து, மணிப்பூரிலிருந்து நல்ல கால்கள் கிடைக்கின்றன. காசு கொடுத்து வாங்குவது கோல் போடுகிறவனை. அதனால் நடுவில், கோலுக்கு நேர் எதிரே இருக்கும் அந்த ஒரு இடம், எல்லா அணியிலும் வாடகைக்குப் போய்விட்டது. 2014 முதல் 2025 வரை பதினொரு சீசன் முடிந்தது. அதிக கோலுக்கான தங்கக் காலணி ஒருமுறைகூட இந்தியர் கைக்கு வரவில்லை. நம் சென்னையின் அணியிலிருந்தே எலானோ, மெண்டோசா, வால்ஸ்கிஸ் என்று மூன்று பேர் அதை வாங்கினார்கள். நாமும் மெரினா அரங்கில் எழுந்து நின்று கைதட்டினோம்.

மன்வீர் சிங்கைப் பாருங்கள். தேசிய அணியில் அவரை நடுவில் நிறுத்தி, ஏன் கோல் போடவில்லை என்று கேட்டார்கள். மோகன் பகானில் அவர் ஆடுவது வலது ஓரத்தில். நடுவில் ஆஸ்திரேலியக்காரர்கள். வருஷம் முழுக்க ஓரத்தில் ஓடிக் கிராஸ் போடுகிறவர், பத்து நாள் முகாமில் கிராஸ் வாங்குகிறவராக மாற வேண்டும். சிவகங்கை மாவட்டத்துக் கண்டனூரிலிருந்து பெங்களூரு எஃப்.சி. வரை போன சிவசக்தி நாராயணன் போன்ற முன்களப் பையன்களும் வெளிநாட்டு ஃபார்வர்டுகளுக்கு மத்தியில் கிடைக்கும் நிமிடங்களில்தான் வளர வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு 2025 ஜூலையில் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது. நான் குருபரப்பள்ளியில் இருந்த அன்று, அடுத்த சீசன் எப்போது என்று நாட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. சிங்கப்பூரோடு தோற்ற பதினொருவரும் லீக் இல்லாத லீக் ஆட்டக்காரர்கள்.

"கோல் அடிக்கிறவன் பத்துல எட்டு வெளிய அடிப்பான் தம்பி. அந்த எட்டைப் பொறுத்துக்கிற ஓனர் யாரு, கோச் யாரு?" என்றார் பெரியவர். கோச் தோற்றால் டிசம்பரிலேயே வேலை போகும். அவர் எதற்கு ஊர்ப் பையனின் எட்டுத் தவறுக்குக் காத்திருக்க வேண்டும்?

அப்புறம் அவர் 1962-க்குப் போனார். எல்லாப் பழைய ஆட்டக்காரர்களும் கடைசியில் போய்ச் சேரும் ஊர் ஜகார்த்தா. செய்யது அப்துல் ரஹீம், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஹைதராபாத்துக்காரர், புற்றுநோயோடு அந்த ஆசிய விளையாட்டுக்கு அணியைக் கூட்டிப்போனார். தற்காப்பின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்துடன் ஆடிய ஆட்டத்தில் தலையில் அடி, தையல். அரையிறுதியில் ரஹீம் அவரை உட்காரவைக்கவும் இல்லை, பழைய இடத்தில் நிறுத்தவும் இல்லை. முன்னால் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக விட்டார். தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல். செப்டம்பர் 4 இறுதியாட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராக பி.கே. பானர்ஜி ஒன்று போட, ஜர்னைல் இன்னொன்று. 2-1, தங்கம். அந்த அணியில் பெங்களூரின் அருமைநாயகமும் இருந்தார்; பெரியவர் அவர் பேரைச் சொல்லும்போது மட்டும் குல்லாயை எடுத்துவிட்டுச் சொன்னார். ரஹீம் மறு ஆண்டு ஜூனில் இறந்துபோனார். அதன்பிறகு நமக்கு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் இல்லை.

இந்தக் கதையை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். வழக்கமாக இது வீரக் கதையாகச் சொல்லப்படும்: தலையில் கட்டு, ரத்தம், நாடு. பெரியவர் அப்படிச் சொல்லவில்லை. "ரஹீம் சாப் ஆளைத் தேடலை. இருக்கிற ஆள்ல பயமில்லாதவன் யாருன்னு பாத்தார்" என்றார். ஆனால் இங்கே அவரோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. 1962-இல் ரஹீம் தன் வீரர்களை மாதக்கணக்கில் கையில் வைத்திருந்தார். இன்றைய தேசியக் கோச்சுக்குக் கிடைப்பது கிளப்புகள் மனமிரங்கித் தரும் நாட்கள். ரஹீமையே இன்று எழுப்பிக் கொண்டுவந்து காலித் ஜமீலின் நாற்காலியில் உட்காரவைத்தாலும் முதல் தோல்விக்கே செல்போனில் திட்டு வாங்குவார். தாக்குதல் ஆட்டம் என்பது யார் எங்கே ஓடுவான் என்று கண்ணை மூடிக்கொண்டு தெரிந்திருப்பது. அது கூடி ஆடி வருவது, கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வருவதில்லை. பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. டீ வந்தது, விட்டுவிட்டோம்.

பெண்கள் அணியைப் பற்றியும் கேட்டேன். 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றவர்கள். சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல். அந்தத் தகுதிச் சுற்றில் மங்கோலியாவுக்கு மட்டும் 13 கோல் போட்டார்கள். எதிரணிகளின் தரம் வேறு, ஒப்பிடக் கூடாது என்பார்கள். இருக்கட்டும். பந்தைக் கண்டதும் உதைக்கிற பழக்கமாவது அவர்களிடம் இருக்கிறது. பெரியவர் அந்த ஆட்டம் பார்த்திருந்தார். எந்த நிமிடத்தில் எந்தப் பாஸ் என்று எனக்கே ஒப்பித்தார்.

இவ்வளவு நேரமும் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோக்ரஜார்க்காரன்தான் கேப்டன் போலிருக்கிறது, கத்திக்கொண்டே இருந்தான். அவர்கள் ஆட்டத்தில் எனக்கு ஒரு பையனைப் பிடித்தது. உள்ளூர், வேப்பனப்பள்ளி ரோட்டில் ஏதோ கிராமம். ஐ.டி.ஐ. படிப்பு முடித்துவிட்டு கான்ட்ராக்ட்டில் சேர்ந்தவன். கபடிக்காரன் கால், திடீரென்று திரும்பும். இடது பேக்காக நின்றான். பந்து கிடைத்தால் தன்னை மறந்து முன்னே ஓடிவிடுவான், கேப்டன் கத்தினதும் திரும்பி வருவான். இவனை ஏன் பின்னால் நிறுத்தினீர்கள் என்று இடைவேளையில் கேட்டேன்.

முன்னால்தான் ஆடினானாம், ஆயுத பூஜை டோர்னமென்ட் வரை. லீக் ஆட்டத்தில் இரண்டு கோல். அரையிறுதியில் ஒரு நல்ல வாய்ப்பை வெளியே அடித்தான். ஆட்டம் எப்படியோ டைபிரேக்கரில் கிடைத்தது. ஃபைனலுக்கு, ஆளுக்கு இருநூறு முந்நூறு என்று வசூல் செய்து பெங்களூரிலிருந்து கெஸ்ட் பிளேயர் கொண்டுவந்தார்கள். பஸ் சார்ஜ், பிரியாணி, கைக்குப் பணம். கேரளத்தின் செவன்ஸ் ஆட்டங்களில் ஆப்பிரிக்க வீரர்களைக் கொண்டுவருவது மாதிரி இங்கேயும் வந்துவிட்டது. எதிரணியும் ஒருவரைக் கொண்டுவந்திருந்ததாம். வந்தவர் இரண்டு கோல் போட்டார், கோப்பை கிடைத்தது. கோப்பை கேப்டன் அறையில் அரிசி மூட்டைக்கு மேலே இருக்கிறது. எடுத்துவந்து காட்டினான். வந்தவரின் பேர் கேட்டேன். "கெஸ்ட்டுண்ணா" என்றான்.

நேற்று இரவு இதே ஆட்கள்தான் சர்க்கரை டப்பாவுக்கு முன்னால் நின்று உள்ளே ஆள் இல்லை என்று திட்டினார்கள். இதை நான் சொல்லவில்லை. பெரியவர் சொன்னார், தெலுங்கிலும் இந்தியிலும் கலந்து, சிரித்துக்கொண்டே. கேப்டனுக்குக் கோபம் வந்தது. "அங்கிள், கோப்பை வேணுமா வேணாமா?" என்றான். அது நியாயமான கேள்விதான். ஃபட்டோர்டாவிலும் கொல்கத்தாவிலும் கிளப் முதலாளிகள் கேட்பது அதைத்தான், கொஞ்சம் பெரிய தொகைக்கு.

நான் ஊர் திரும்பி ஒரு மாதத்தில் இரண்டு செய்திகள் வந்தன. ஆஸ்திரேலியாவில் பிறந்து வளர்ந்த பெங்களூரு எஃப்.சி. முன்கள வீரர் ரயன் வில்லியம்ஸ் அந்த நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடியுரிமை வாங்கி, தேசிய முகாமில் சேர்ந்தார். தாய்வழியில் மும்பை வேர் உள்ளவர், அவர் தாத்தா பம்பாய்க்காக ஆடியவர். வாடகை ஆள் என்று அவரைச் சொல்வது பாவம். ஆனால் அவர் வந்ததை நாடு கொண்டாடிய விதத்தில், வசூல் செய்து கூட்டிவந்த நிம்மதி இருந்தது. மற்றது நவம்பர் 18 டாக்கா. வில்லியம்ஸுக்கு அனுமதிச் சிக்கலால் அன்று ஆட முடியவில்லை. 11-ஆம் நிமிடத்தில் வங்கதேசம் ஒரு கோல் போட்டது. மீதி நேரம் முழுக்க நாம் முயன்றோம். 1-0. வங்கதேசத்திடம் 22 ஆண்டுகளில் முதல் தோல்வி. தரவரிசை 142.

அன்று மைதானத்தில் பத்து மணிக்கு வெயில் ஏறிவிட்டது. தூக்கம் கண்ணில் தொங்க, பையன்கள் ஷூவைக் கழற்றினார்கள். பொங்கலுக்குச் சூளகிரியில் பெரிய டோர்னமென்ட், முதல் பரிசு இருபத்தையாயிரம் என்று பேச்சு வந்தது. கெஸ்ட் வேண்டுமா வேண்டாமா என்று நான்கு மொழியில் சண்டை. பெரியவர் வேண்டாம் என்றார், அவருக்கு ஓட்டு இல்லை. நான் வேப்பனப்பள்ளிப் பையனைப் பார்த்து, நீ முன்னால் ஆடுகிறாயா தம்பி என்றேன்.

"பேக்கே இருக்கேன்ணா" என்றான் சாக்ஸைப் பிழிந்துகொண்டே. "முன்னாடி நின்னா ஒண்ணு வெளிய போனாலும் ரூமுக்கு வந்தும் ஒரு வாரம் பேசுறாங்க. பின்னாடின்னா, கோல் விழுந்தா கீப்பரைத்தான் பேசுவாங்க."

கேப்டன் அதற்குள் நோட்டுப் புத்தகத்தில் பேர் எழுத ஆரம்பித்திருந்தான். ஆளுக்கு முந்நூறு.